சோளக் குருத்தைப் பிரித்துப் பார்க்கும் ஊர்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே வரும் பஸ், பெரியநீலாவணையைக் கடந்ததும் ஊருக்கு ஊர் இடைவெளியில்லாத கரையோரத்துக்குள் நுழைகிறது. மருதமுனையின் நெசவு, பாண்டிருப்பு, கல்முனைச் சந்தை, சாய்ந்தமருது எல்லாம் ஒரே தெருவில் அடுத்தடுத்து வந்து போகின்றன. காரைதீவுச் சந்தியில் இறங்கி மேற்கே திரும்பினால் கடல் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அங்கிருந்து சம்மாந்துறை வரை இருபுறமும் வயல். ஆனி மாதத்தில் சிறுபோக வேளாண்மை பச்சை பிடித்து நிற்கிறது. பகல் ஏறியதும் மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பி முகத்தைச் சுட்டுவிட்டுப் போகிறது.

சம்மாந்துறை என்றால் நெல். இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு இந்தப் பக்கத்தின் போகங்களைத் தீர்மானிக்கத் தொடங்கியது. வட்டை, வட்டவிதானை, முல்லைக்காரர், போடியார் என்று வயலைச் சுற்றியே ஒரு தனிச் சொல்லுலகம் இங்கே உண்டு. நான் போனதோ நெல்லைப் பார்க்க அல்ல. வயல் முடிந்து மேடு தொடங்கும் இடங்களிலும், சிறுபோகத்தில் தண்ணீர் போதாத காணிகளிலும் நிற்கும் சோளத்தைப் பார்க்கப் போனேன். அந்தச் சோளத்தின் குருத்துக்குள் குடியேறிய புழு ஒன்று ஒரு காலத்தில் இந்த மாவட்டத்தையே கலங்கடித்தது. அதோடு வாழப் பழகியவர்கள் கோடையில் என்ன செய்கிறார்கள் என்று நேரில் அறிய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

சோளத்தைச் சிறிய பயிர் என்று ஒதுக்கிவிட முடியாது. இலங்கையில் முட்டையும் கோழி இறைச்சியும் சாதாரணக் குடும்பத்தின் தட்டுக்கு வருவது சோளத் தீவனத்தால். கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் சுகாதார நிலையங்களில் கொடுக்கும் திரிபோஷா, சோளமும் சோயாவும் சேர்ந்த மா. உள்ளூர் விளைச்சல் குறைந்தால் அந்த இடத்தை இறக்குமதிதான் நிரப்புகிறது. விலையும் டொலரோடு சேர்ந்து ஏறுகிறது. அம்பாறை மாவட்டத்தில் மகா ஓயா, பதியத்தலாவை, உகனை, தமணைப் பக்கங்களில் மழையை நம்பிப் பெரும்போகத்தில் பெருமளவு சோளம் போடுகிறார்கள். சிறுபோகத்துச் சோளம் அளவில் சிறியது. ஆனால் அடுத்த பெரும்போகத்தின் நன்மை தீமையில் ஒரு பங்கை இதுவே முடிவு செய்கிறது. இந்தப் பயணத்தில் நான் ஆழமாக உணர்ந்த செய்தி அதுதான்.

சம்மாந்துறைக்கு மேற்கே மல்வத்தைப் பக்கம் ஒரு காணியில் என்னை அழைத்துப் போனவர் அறுபது கடந்த விவசாயி. ஊரில் எல்லாருக்கும் அவர் காக்காதான், அதாவது அண்ணன். எனக்கும் அப்படியே ஆனார். "சுபஹு தொழுதிட்டு வந்திருங்க தம்பி. வெயில் ஏறினா ஒண்டும் பாக்கேலாது. அவன் குருத்துக்குள்ள போயிருவான்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். "அவன்" என்று அவர் சொன்னது படைப்புழுவை. இலங்கையில் அதைச் சேனா படைப்புழு என்கிறார்கள்.

அதன் பயணக் கதை எங்கள் பயணங்களை எல்லாம் விடப் பெரியது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப மண்டலத்துக்குச் சொந்தமான பூச்சி. 2016 ஜனவரியில் ஆபிரிக்காவில், நைஜீரியா உள்ளிட்ட மேற்கு நாடுகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் சகாராவுக்குத் தெற்கே ஏறத்தாழ எல்லா நாடுகளையும் பிடித்தது. 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மக்காச்சோளத்தைத் தின்றது. 2018 முடிவதற்குள் பாக்கு நீரிணையையும் தாண்டி இங்கு வந்து சேர்ந்தது. தாய் அந்துப்பூச்சி ஓர் இரவில் காற்றோடு 100 கிலோமீற்றர் வரை பறக்கக்கூடியது. கடல் அதற்குத் தடையே இல்லை.

அந்த 2018 - 2019 பெரும்போகத்தை இங்கு யாரும் மறக்கவில்லை. நாட்டிலேயே கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று. "ஒரு வெள்ளிக்கிழம பாத்தா இலையில சின்னச் சின்ன ஓட்ட. அடுத்த வெள்ளி பாத்தா குருத்தே இல்ல" என்றார் காக்கா. கடையில் கிடைத்த மருந்தையெல்லாம் வாங்கி அடித்தார்களாம். ஒன்றோடு ஒன்றைக் கலந்தும் அடித்தார்களாம். அயலவர் அடிக்கிறார் என்பதற்காகத் தங்கள் காணியைப் பார்க்காமலே அடித்தவர்களும் உண்டு. "மருந்தடிச்சா சாகும் எண்டுதான் நெனச்சோம். குருத்துக்குள்ள, எச்சத்தால வாசல அடச்சிக்கிட்டு இரிக்கிறவனுக்கு மருந்து எங்க தம்பி போய்ச் சேரும்?" கடன் வாங்கிய காசு மருந்தாகப் போனது, மருந்து இலையில் காய்ந்து போனது. அரசு நட்டஈடு அறிவித்தது. ஆனால் ஒரு போகத்தின் உழைப்புக்கு எந்த நட்டஈடும் ஈடாகாது என்பதை நிலத்தில் நின்றவர்கள்தான் அறிவார்கள்.

இப்போது அவருடைய முறை வேறு. காணிக்குள் நுழைந்ததும் வரம்பிலிருந்து ஐந்தாறு வரிசை உள்ளே போகிறார். வரம்போரச் செடிகளை மட்டும் பார்த்தால் காணியின் உண்மை நிலை தெரியாது என்பது அதற்குக் காரணம். பிறகு காணியின் குறுக்காகச் சாய்வாக நடந்து, திரும்பி, மறுபடி சாய்வாக நடக்கிறார். ஐந்து இடத்தில் நிற்கிறார். ஒவ்வோர் இடத்திலும் அடுத்தடுத்த பத்துச் செடிகளின் குருத்தை விரலால் விரித்துப் பார்க்கிறார். மொத்தம் ஐம்பது செடி. புதிதாகக் கடிபட்ட செடி வந்தால் சட்டைப் பையில் ஒரு சிறு கல்லைப் போடுகிறார். நடந்து முடிந்ததும் கல்லை எண்ணினால் கணக்கு வந்துவிடும். விவசாயத் திணைக்களத்தினரும் உலக உணவு விவசாய நிறுவனமும் சொல்லிக்கொடுக்கும் கண்காணிப்பு முறை இதுதான். கல் மட்டும் காக்காவின் சொந்தச் சேர்க்கை.

என்ன பார்க்க வேண்டும் என்பதையும் செடியிலேயே காட்டினார். இலையின் அடியில், சில வேளை மேலேயும், சாம்பல் நிறப் பொடி மூடிய முட்டைக் குவியல் இருக்கும். ஒரு குவியலில் 100 முதல் 200 முட்டை. ஒரு தாய் தன் வாழ்நாளில் 1,500க்கு மேல் இடும். சூடான நாட்களில் இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். சின்னப் புழு இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும்; அந்த இடத்தில் மெல்லிய வெள்ளைத் தோல் மிஞ்சும். பிறகு நூல் விட்டுக் காற்றில் ஆடி அடுத்த செடிக்குப் போகும். கொஞ்சம் வளர்ந்ததும் குருத்துக்குள் இறங்கும். சுருண்டிருக்கும் இலையை அது துளைப்பதால், இலை விரியும்போது வரிசையாக ஓட்டைகள் தெரியும். குருத்தில் ஈரமான, மரத்தூள் நிற எச்சம் குவிந்திருந்தால் உள்ளே பெரிய புழு இருக்கிறது என்று பொருள். தலையில் வெளிர்நிறத்தில் தலைகீழான "ஒய்" எழுத்துக் கோடு. உடலின் பின்முனைக்கு அருகில் சதுரமாக நாலு கரும்புள்ளி. இந்த இரண்டு அடையாளமும் இருந்தால் படைப்புழுவேதான்.

"ஓட்டையப் பாத்துப் பயப்பிடாதீங்க. பழைய ஓட்டையா புது ஓட்டையா எண்டு பாருங்க" என்று அவர் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. விரிந்த இலைகளில் பழைய சேதம் எவ்வளவு இருந்தாலும், குருத்துப் புதிதாகவும் சுத்தமாகவும் வந்தால் புழு போய்விட்டது அல்லது செத்துவிட்டது. அந்த நேரத்தில் அடிக்கும் மருந்து வீண். சோளம் தன் இளமையில் இலையை இழந்தாலும் மீண்டு வரும் பயிர். குருத்து மொட்டு தப்பினால் போதும், விளைச்சலில் பெரிய இழப்பு வராது.

எத்தனை செடி பாதித்தால் நடவடிக்கை? அதற்கும் கணக்கு உண்டு. இளம் பயிரில் ஐம்பதில் பத்துச் செடி, அதாவது 20 சதவீதம், புதிதாகக் கடிபட்டிருந்தால் கை வைக்க வேண்டும். பயிர் வளர்ந்து குருத்து உயர்ந்த பருவத்தில் ஐம்பதில் இருபது செடி வரை பொறுக்கலாம். ஆண்பூ வெளியே வந்த பிறகு சிறு விவசாயி மருந்தடிப்பதால் பெரும்பாலும் பலனில்லை. உயரமான பயிருக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. அடிக்கிறவர் மேலேதான் படும். அன்று காக்காவின் சட்டைப் பையில் ஆறு கல் இருந்தன. "இண்டைக்கு மருந்து இல்ல. கையால நசுக்கிறதுதான்" என்று சொல்லி, முட்டைக் குவியல் கண்ட இலைகளைத் திரும்பப் போய்க் கிள்ளினார்.

வெயில் ஏறத் தொடங்கியபோது விவசாயப் போதனாசிரியை வந்தார். ஸ்கூட்டரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வரம்பில் நடந்து வந்தவரைப் பெண்கள் "மிஸ்" என்று கூப்பிட்டார்கள். இளையவர். ஆனால் காணியில் அவர் பேச்சுக்கு மூத்தவர்களும் செவி கொடுக்கிறார்கள். கோடையில் இந்தப் புழு ஏன் தனியாகக் கவனிக்கப்பட வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். வாடியின் நிழலில் அமர்ந்து அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன்.

பூச்சியின் உடலுக்குத் தனிச் சூடு கிடையாது. வெளிச் சூடு ஏற ஏற அதன் வளர்ச்சி வேகமாகும். குளிர்ந்த காலத்தில் முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாக 60 நாளோ அதற்கு மேலோ எடுக்கும் படைப்புழு, இந்தக் கோடைச் சூட்டில் 30 நாள் அளவில் ஒரு சுற்றை முடித்துவிடும். புழுவாக இருக்கும் காலம் இரண்டு வாரம். அதில் கடைசி சில நாட்களில்தான் முக்கால் பங்குக்கு மேல் தின்று தீர்க்கும். ஆகவே கோடையில் வாரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பவர் தாமதமாகிவிடுவார். முளைத்ததிலிருந்து ஆண்பூ வரும் வரை வாரத்துக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் நாற்பது நாள் ஒரு பார்வையையும் தவறவிடக் கூடாது.

இரண்டாவது காரணம் மழை. பெரும்போகத்தில் கொட்டும் மழை, குருத்துக்குள் தண்ணீரை நிரப்பிச் சின்னப் புழுக்களை மூழ்கடிக்கும், முட்டையையும் கழுவிவிடும். கோடையில் அந்த உதவி இல்லை. மூன்றாவது, தண்ணீர்ப் பற்றாக்குறை. கச்சான் அடிக்கும் நாட்களில் செடி இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். அந்த வாட்டத்தில் கடிபட்ட செடி மீண்டு வருவது கடினம். சரியான நாளில் வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சுவதும் பூச்சி மேலாண்மையின் ஒரு பகுதிதான் என்று அவர் அழுத்திச் சொன்னார். நாலாவது காரணம் எல்லாவற்றையும் விடப் பெரியது. சிறுபோகச் சோளத்தில் பெருகிய அந்துப்பூச்சிகள் ஐப்பசியில் பெரும்போகச் சோளம் முளைக்கும்போது காத்திருக்கும். கோடையில் இங்கே சில ஏக்கரில் கவனிக்காமல் விட்டது, மாரியில் மகா ஓயா வரை ஆயிரக்கணக்கான ஏக்கருக்குச் செலவு வைக்கும். சோளம் இல்லாவிட்டாலும் அதற்குப் பட்டினி இல்லை. இறுங்கு, குரக்கன், கரும்பு, புல் என்று 80க்கும் மேற்பட்ட செடிகளை அது உண்ணும். ஹிங்குராணைப் பக்கத்துக் கரும்பும் அதற்கு உணவாகக்கூடியதே.

காணியின் நடுவில் ஒரு கம்பில் பச்சை மூடியும் மஞ்சள் புனலும் உள்ள பெரமோன் பொறி தொங்கியது. பெண் அந்தின் வாசனையைச் செயற்கையாகச் செய்து ஒரு சிறு ரப்பர் துண்டில் ஏற்றி உள்ளே வைத்திருக்கிறார்கள். அதை நம்பி வரும் ஆண் அந்து உள்ளே விழுகிறது. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக, பயிருக்கு மேலே இருக்கும்படி தொங்கவிட வேண்டும். பயிர் உயர்ந்தால் பொறியும் உயர வேண்டும். ரப்பர் துண்டை ஒரு மாதத்துக்குச் சற்று மேல் வைத்திருக்கலாம், பிறகு மாற்ற வேண்டும். பொறி வைத்துவிட்டோம், இனிப் புழு வராது என்று சிலர் நிம்மதியாகிவிடுவது தவறு என்றார் போதனாசிரியை. பொறியில் விழுவது ஆண் மட்டுமே. பெண் வெளியில் முட்டை இட்டுக்கொண்டுதான் இருக்கும். பொறி தருவது முன்னறிவிப்பு. நேற்றுவரை இரண்டு மூன்று விழுந்த பொறியில் இன்று இருபது விழுந்தால், அடுத்த வாரம் குருத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தச் செய்தியைக் கேட்டுக் காணிக்குள் இறங்கி நடப்பது மனிதர் வேலை.

பக்கத்துக் காணியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ராத்தா ஒருவர் அடுப்புச் சாம்பலும் சலித்த மணலும் கலந்த வாளியோடு வந்தார். இரண்டு விரலால் எடுத்துக் குருத்துக்குள் ஒரு சிட்டிகை போடுகிறார். மணல் புழுவின் மென்மையான உடலை உராய்ந்து காயப்படுத்தும். சாம்பல் அதன் ஈரத்தை உறிஞ்சும். ஆபிரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் சிறு விவசாயிகள் இதையே செய்கிறார்கள். "அரை ஏக்கருக்கு ரெண்டு பேர் ஒரு காலையில முடிச்சிருவம். பெரிய காணிக்கு இது சரிவராது" என்று அவரே எல்லையும் சொன்னார். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடித்த 5 சதவீதக் கரைசலையும் சின்னப் புழு இருக்கும்போது அடிக்கிறார்கள். அது புழுவை உடனே கொல்லாது. தின்பதை நிறுத்தும், தோலுரிப்பதைக் கெடுக்கும். பெரிய புழுவுக்கு அது போதாது.

இந்தக் காணியில் சோள வரிசைகளுக்கு இடையில் கௌப்பியும் பயறும் நின்றன. ஒரே பயிராக நிற்கும் காணியைவிடக் கலப்புப் பயிரில் முட்டை குறைவாக விழுகிறது என்பது பல நாடுகளில் கண்ட அனுபவம். பூவும் நிழலும் இருப்பதால் நல்ல பூச்சிகளும் தங்குகின்றன. படைப்புழுவின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய குளவிகள் உண்டு. பொறிவண்டும் எறும்பும் முட்டையையும் சின்னப் புழுவையும் தின்னும். பின்முனையில் இடுக்கி உள்ள பழுப்புப் பூச்சி ஒன்று குருத்துக்குள்ளேயே இறங்கி வேட்டையாடும். அதைக் கண்டு பயந்து நசுக்கிவிடுகிறார்கள், அது நம் ஆள் என்று போதனாசிரியை ஒரு சிறுவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காணியில் ஆங்காங்கே குறுக்குக் கட்டை வைத்த கம்புகள் நட்டிருந்தார்கள். கரிக்குருவிகள் அதில் வந்து அமர்ந்து, கீழே பார்த்துப் பாய்ந்து கொத்திக்கொண்டு மீண்டும் அமர்ந்தன. முந்திய போகத்தில் கண்மூடி மருந்தடித்த காணிகளில் இந்த உயிர்கள் திரும்பி வரவே நாளாகும். ஒரு முறை அடித்த தேவையற்ற மருந்து, கூலி கேட்காமல் வேலை செய்யும் இந்தப் பட்டாளத்தை இல்லாமலாக்கிவிடும்.

மருந்தே கூடாது என்று இங்கு யாரும் சொல்லவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைக்கும் பீடைநாசினிக்கும் ஒரேயடியாகத் தடை வந்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அந்த மாதங்களில் பட்டபாடு எல்லா விவசாயிகளின் பேச்சிலும் இருக்கிறது. மாற்று வழியைக் கையில் கொடுக்காமல் மருந்தைப் பறிப்பது தீர்வல்ல. கல் எண்ணிக்கை எல்லையைத் தாண்டினால் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் எப்படி? இலங்கையிலும் இந்தியாவிலும் இந்தப் புழுவுக்குப் பரிந்துரைக்கப்பட்டவற்றில் எமமெக்டின் பென்சோயேட், குளோரன்ட்ரனிலிப்ரோல், ஸ்பினெடோரம் ஆகியவை முக்கியமானவை. மூன்றும் வெவ்வேறு விதத்தில் புழுவைத் தாக்குபவை. ஒன்றையே திரும்பத் திரும்ப அடித்தால் அதற்குத் தப்பிய புழுக்களின் சந்ததி பெருகி, மருந்து பயனற்றுப் போகும். ஆகவே ஒரு தலைமுறைக்கு ஒன்று, அடுத்த தலைமுறைக்கு வேறொன்று என்று மாற்ற வேண்டும். தெளிப்பது மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, சூடும் காற்றும் தணிந்து புழு மேலே வரும் நேரத்தில். தெளிகருவியின் வாயைக் குருத்தை நோக்கித் திருப்ப வேண்டும்; இலை முழுவதும் நனைக்க வேண்டியதில்லை. நடுப்பகல் கச்சானில் அடிக்கும் மருந்து பக்கத்துக் காணிக்கும் அடிக்கிறவர் மூச்சுக்கும் போகும்.

பாதுகாப்பைப் பற்றிப் போதனாசிரியை பேசும்போது குரல் மாறியது. முகமூடியும் நீளக்கைச் சட்டையும் கோடையில் போடமுடியாத அளவு வேர்க்கிறது என்கிறார்கள் இளைஞர்கள். அதற்காகத்தான் அந்தி நேரம். இந்த நாடு மருந்துப் போத்தல்களால் நிறைய உயிர்களை இழந்திருக்கிறது. 1995இல் மோனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ், 1998இல் எண்டோசல்பான் என்று கொடிய மருந்துகளைத் தடைசெய்த பிறகுதான் நஞ்சால் இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. தடைக்குத் தப்பி இன்று கடையில் இருப்பதும் நஞ்சே. அதை வீட்டுக்குள் வைக்காமல் பூட்டி வைப்பதும், காலிப் போத்தலை வாய்க்காலில் எறியாமல் இருப்பதும் புழுவைக் கொல்வதைவிடப் பெரிய கடமை. அதே வாய்க்கால் தண்ணீரில்தான் கீழேயுள்ள ஊர்கள் குளிக்கின்றன.

படைப்புழு மட்டும்தான் கோடையின் தொல்லை என்றில்லை. தண்டு துளைப்பான் நடுக்குருத்தை வாடவைக்கும். ஆண்பூவில் அசுவுணி அடையாக ஒட்டும். அறுவடைக்குப் பிறகு காயாத சோளத்தை மூட்டை கட்டினால் வண்டு விழும். வாரத்துக்கு இரண்டு முறை காணியில் நடப்பவரின் கண்ணுக்கு இவை எல்லாமே தொடக்கத்தில் அகப்படும்.

தேத்தண்ணிக் கடையில் அமர்ந்து கேட்டபோது ஒன்று தெளிவாகியது. சம்மாந்துறை விவசாயிக்குக் கண்காணிப்பு புதிய பாடமல்ல. நெல்லில் அறக்கொட்டியான் என்ற பூச்சியை அவர்கள் தலைமுறையாக இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். வரம்பில் நின்று பார்த்தால் தெரியாது, வயலுக்குள் இறங்கித் தூரைத் தட்டித் தண்ணீரில் விழும் பூச்சியை எண்ண வேண்டும் என்பது இங்கு எல்லாருக்கும் தெரியும். யூரியா கூடினால் அறக்கொட்டியான் கூடும் என்பதும், எதிரிப் பூச்சிகளைக் கொன்றால் அது வெடித்துப் பரவும் என்பதும் தெரியும். சோளத்துக்கு அதே கண்ணைக் கொண்டுவர வேண்டியதுதான் மிச்சம்.

ஒரு பெரிய வேறுபாடு மட்டும் இருக்கிறது. நெல்லுக்குப் போகத்துக்கு முன் ஆரம்பக் கூட்டம் உண்டு. தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடு வெளியேற்றும் நாள் எல்லாம் அதிகாரிகளும் விவசாய அமைப்புகளும் வட்டவிதானைமாரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். சோளத்துக்கு அப்படி எதுவும் இல்லை. நான் பார்த்த வட்டாரத்தில் ஒரு காணியில் ஆண்பூ வந்திருந்தது. அடுத்ததில் முழங்கால் உயரம். மூன்றாவதில் அப்போதுதான் விதை போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் காணியில் வளர்ந்த அந்துக்கு இரண்டாவதில் இளங்குருத்து, அதில் வளர்ந்ததற்கு மூன்றாவதில் முளை. முப்பது நாளுக்கு ஒரு தலைமுறை பெருகும் பூச்சிக்கு நாமே வரிசையாகப் பந்தி போட்டுக் கொடுக்கிறோம். கடைசியாக விதைத்தவருக்கே சேதம் கூடுதல். அவரே அதிக மருந்தும் அடிப்பார். அவருக்கே இலாபமும் குறையும். அயலவர்கள் இரண்டு வாரத்துக்குள் விதைப்பை முடித்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். அறுவடை முடிந்ததும் சேர்ந்தே ஆழ உழுதால் மண்ணுக்குள் சில அங்குலத்தில் கிடக்கும் கூட்டுப்புழு வெளியே வந்து வெயிலிலும் கொக்கின் வாயிலும் போகும்.

திரும்பும் வழியில் அம்பாறை ஊடாக உகனை தாண்டி மகா ஓயா ரோட்டில் கொஞ்ச தூரம் போனேன். தெருவோரக் கொட்டிலில் சிங்களப் பெண் ஒருவர் பெரிய பானையில் சோளம் அவித்துக்கொண்டிருந்தார். சூடாக ஒன்றை உப்புத் தண்ணீரில் தோய்த்து நீட்டினார். கொட்டிலுக்குப் பின்னால் அவருடைய காணி. யானைக்குப் பயந்து இரவில் கணவர் பரணில் காவல் இருக்கிறாராம். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் புழுவைப் பற்றிக் கேட்டதும், அவர் எழுந்து போய் ஒரு செடியின் குருத்தை விரித்து எச்சத்தைக் காட்டினார். அன்று காலை சம்மாந்துறையில் காக்கா விரித்துக் காட்டியதும் அதுவேதான். இந்த மாவட்டத்தின் கரையில் தமிழ் பேசுகிறார்கள், உள்ளே சிங்களம் பேசுகிறார்கள். கசப்பான காலங்களையும் கடந்து வந்திருக்கிறார்கள். இரவில் பறக்கும் அந்து எல்லாக் காணியிலும் ஒன்றுபோல் இறங்குகிறது. ஒரு பக்கத்தில் கண்டதை மறுபக்கம் உடனே அறிந்தால்தான் இரண்டு பக்கமும் பிழைக்கும். பொறிகளில் விழும் எண்ணிக்கையைக் கமநல சேவை நிலையங்கள் வாரந்தோறும் இரண்டு மொழியிலும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் அதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, சோளம் போடும் ஒவ்வொருவருக்கும்: மருந்துக் கடைக்குப் போகுமுன் காணிக்குள் போங்கள். ஐந்து இடம், ஐம்பது செடி, ஒரு காலை நேரம் போதும். புரியாவிட்டால் போதனாசிரியரைக் கூப்பிடுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இரண்டாவது, அதிகாரிகளுக்கும் விவசாய அமைப்புகளுக்கும்: அடுத்த ஆரம்பக் கூட்டத்தில் நெல்லுக்கு நாள் குறிக்கும் அதே மேசையில் சோளத்துக்கும் விதைப்பு நாள் குறியுங்கள். 2018இல் வந்த பூச்சி இனி இந்த மண்ணைவிட்டுப் போகப் போவதில்லை. அதனால் நட்டம் வருமா வராதா என்பது கோடையில் நாம் எத்தனை பேர், எத்தனை தடவை, ஒன்றாகக் காணிக்குள் நடக்கிறோம் என்பதைப் பொறுத்தது.